சாணி தெளித்த வாசலும் சாணிப்பவுடர் பொட்டலமும்: நம்ம வீட்டு முதலுதவியின் வரலாறு



இந்த மலரில் குழு ஆரம்பிச்ச கதை, வங்கிக் கடன் வாங்கின கதை, தொழில் தொடங்கின கதை எல்லாம் மற்ற சகோதரிகள் எழுதுறாங்க. என்னிடம் முதலுதவி பற்றி எழுதச் சொன்னார்கள். "முதலுதவிக்கும் சுய உதவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நம்ம குழுக்களின் கடன் பேரேட்டில் "கடனுக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கு. அதில் ஆடு, மாடு, தையல் மிஷின், பிள்ளை படிப்பு என்று எழுதுற நேரத்தில் மனசு சந்தோஷப்படும். "ஆஸ்பத்திரிச் செலவு" என்று எழுதும்போது அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் பின்னால் போகப் போகுதோ என்று வயிறு கலங்கும். அந்த ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு, முதல் பத்து இருபது நிமிஷத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்து கூடும், குறையும். சில சமயம் உயிரே அதில்தான் நிற்கும். அதனால் இதுவும் நம்ம கதைதான்.

கட்டுத்தரை இருந்த காலம்

நம்ம கொங்குப் பக்கத்தில் ஆத்தா, அம்மிச்சி காலத்தில் விடியற்காலை எழுந்ததும் முதல் வேலை வாசல் வேலை. கட்டுத்தரையில் மாடு நிற்கும். சாணியைக் கரைச்சு மண் வாசலில் தெளிப்பாங்க, வெள்ளி செவ்வாய்க்கு வழிச்சு விடுவாங்க, அதுக்கு மேல கோலம். புழுதி அடங்கும், வாசல் குளிர்ச்சியா இருக்கும்.

அன்றைக்கு வீட்டில் இருந்த ஆபத்துகளும் கண்ணுக்குத் தெரிஞ்ச ஆபத்துகள். அடுப்பு நெருப்பு, அருவாமனை, கிணற்று மேடு, பாம்பு, தேள், மாட்டுக் கொம்பு. அதற்கான கைவைத்தியமும் வீட்டிலேயே இருந்தது. வெட்டுக்காயத்துக்கு மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு. நெருப்புக் காயத்துக்கு இட்லி மாவு, பேனா மை. நாய் கடிச்சா மிளகாய்த்தூள். விஷத்துக்கு உப்புத் தண்ணி, புளித் தண்ணி, சாணித் தண்ணி. அக்கம்பக்கத்தில் மருத்துவமனை இல்லாத காலத்தில், கையில் கிடைத்ததை வைத்து உயிரைக் காப்பாற்றப் பார்த்தாங்க. அவங்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் காலம் மாறினபோது வைத்தியம் மாறாமல் இருந்தால் அது நம்ம குறை.

பொட்டலத்தில் வந்த பச்சை

மாடுகள் குறைந்தன. விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற பெண்ணுக்கு விடிகாலையில் சாணி தேடி அலைய நேரம் இல்லை. மண் வாசல் சிமெண்ட் வாசல் ஆச்சு. ஆனால் வாசல் பச்சையாக இருக்கணும் என்கிற ஆசை போகவில்லை. அந்த இடத்தில்தான் மளிகைக் கடைகளில் சாணிப்பவுடர் என்று சின்னப் பொட்டலம் வந்தது. ஒரு சிட்டிகை போட்டுக் கரைச்சா வாளி நிறையப் பச்சை அல்லது மஞ்சள்.

பேரில்தான் சாணி இருக்கு, பொட்டலத்துக்குள் இல்லை. பச்சைப் பொடி மாலகைட் கிரீன், மஞ்சள் பொடி ஆரமின் ஓ. இரண்டுமே துணிக்கும் மற்றப் பொருளுக்கும் சாயம் ஏற்ற உண்டாக்கிய ரசாயனம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பகுதி ஆஸ்பத்திரிகளில் சாணிப்பவுடர் உள்ளே போய் உயிருக்குப் போராடினவர்களை டாக்டர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். மற்ற மாநிலத்து மருத்துவர்களுக்கு அதிகம் தெரியாத இந்த விஷம், நம்ம பகுதிக்கே உரிய நோயாக மருத்துவக் கட்டுரைகளில் பதிவானது. அரசு இதன் விற்பனையைத் தடை செய்தது. இருந்தும் ஒளிச்சு வைத்து விற்பதும், அதிகாரிகள் பறிமுதல் செய்வதும் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒண்ணு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாசல் நம்ம கையில் இருக்கு. கடைக்காரர் ஒளிச்சு வைத்தாலும், நாம கேட்காவிட்டால் அவர் எதுக்கு வைக்கப் போறார்? மாட்டுச் சாணி கிடைத்தால் தெளிப்போம், கிடைக்கவில்லை என்றால் வெறும் தண்ணி தெளிச்சுக் கோலம் போடுவோம். லட்சுமி வருவதற்குச் சாயம் தேவையில்லை.

கப்பலில் கலந்த பாலிடால்

ரசாயனம் வீட்டுக்குள் வந்த வழி வாசல் மட்டும் இல்லை. வயல் வழியாகவும் வந்தது. 1958ல் கேரளத்தில் ஒரு பெரிய துயரம் நடந்தது. கப்பலில் கோதுமை மாவு முதலிய உணவுப் பொருளோடு பாலிடால் என்கிற பூச்சி மருந்தும் சேர்த்து ஏற்றப்பட்டது. மருந்து ஒழுகி உணவில் கலந்தது. அதைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

பசுமைப் புரட்சிக்குப் பிறகு பூச்சி மருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பாலிடால் என்ற பேரே பூச்சி மருந்துக்குப் பொதுப் பெயராகப் போயிற்று. மருந்து அடிப்பது ஆண்கள் வேலை என்று நினைக்கிறோம். ஆனால் அடிச்ச காட்டில் களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும், மருந்து பட்ட சட்டையைத் துவைப்பதும் நாமதான். தலைவலி, கண் எரிச்சல், வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, மயக்கம் என்று வந்தால் "வெயில் தாக்கிடுச்சு" என்று மோர் குடிச்சுட்டுப் படுத்துடுறோம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் கண்டுபிடிக்கிற மாதிரி மருந்து டப்பாவில் ஒரு அடையாளம் இருக்கு. சாய்சதுரக் கட்டம், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசி பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் கிடையாது, மற்றதை விடக் குறைவு, அவ்வளவுதான். நம்ம சகோதரிகள் எல்லாருக்கும் இந்த நான்கு நிறமும் தெரிஞ்சிருக்கணும்.

மருந்து உடம்பில் பட்டால் முதல் வேலை துணியைக் கழற்றுவது. வெட்கம் பார்த்தால் விஷம் தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு சேலையைத் திரையாகப் பிடிச்சு, சோப்புப் போட்டு, தலைமுடி உட்பட நன்றாகக் கழுவ வேண்டும். கழுவி விடுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளணும். மருந்துச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊற வைக்கவே கூடாது.

போபால் சொல்லிக் கொடுத்தது

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, மத்தியப் பிரதேசம் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சி மருந்துத் தொழிற்சாலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த குடிசைப் பகுதி மக்கள் கண் எரிஞ்சு, மூச்சு முட்டி, தெருவில் ஓடினார்கள். அரசு முதலில் சொன்ன கணக்கே 2,259 பேர். பிறகு வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

அந்த இரவில் டாக்டர்களுக்கும் என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்று சரியாகத் தெரியவில்லை. மக்களுக்கு யாரும் சொல்லி வைக்கவும் இல்லை. ஈரத்துணியை மூக்கில் வாயில் கட்டிக்கொண்டு, காற்று அடிக்கிற திசையிலேயே ஓடாமல் குறுக்கே விலகிப் போவது என்கிற சின்ன விஷயம் தெரிஞ்சிருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும்.

அதிலிருந்து நம்ம வீட்டுக்கு இரண்டு பாடம். ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலை, டப்பாவை, பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகணும். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மருந்தை உடனே கொடுக்க முடியும். இரண்டு, பெயர் இல்லாத ரசாயனம் வீட்டில் இருக்கக் கூடாது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட் ஊற்றி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கு. தாகத்தோடு ஓடி வருகிற குழந்தைக்கு அது கலர் பாட்டில்தான்.

நம்ம குழுக்களிலேயே பினாயில், சோப்பு, துணி துவைக்கும் பவுடர் தயாரிக்கிறவங்க இருக்காங்க. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதிச்சு முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கரண்டி பிடிக்க வேண்டாம். கழிப்பறை சுத்தம் செய்யும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடின அறையில் அது நெஞ்சைப் பிடிச்சிடும். "ரெண்டும் போட்டா நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

கண்ணில் ஆசிட், சோடா, வெத்தலைச் சுண்ணாம்பு எது பட்டாலும் வைத்தியம் ஒன்றுதான்: இமையைத் திறந்து பிடிச்சு, அரை மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஓடவிடுவது, பிறகு கண் ஆஸ்பத்திரி. குழந்தைகள் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடி, கண்ணில் தெறித்துப் பார்வை போன கதைகள் நிறைய. தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாந்தி எடுக்க வைத்த காலம்

விஷம் குடிச்சா வாந்தி எடுக்க வைக்கணும் என்பது நம்ம பாட்டிகள் மட்டும் சொன்னது இல்லை. மேல்நாட்டு டாக்டர்களும் நெடுங்காலம் அதையே சொன்னார்கள். அமெரிக்காவில் வாந்தி வரவைக்கும் இபிகாக் என்ற மருந்தை வீட்டிலேயே வாங்கி வைக்கச் சொன்னார்கள். 2003ல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமே "இனி வேண்டாம்" என்று அறிவித்தது.

காரணம் எளிமையானது. ஆசிட் உள்ளே போகும்போது தொண்டையைச் சுடும். வாந்தியாக மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதை விட, வாந்தியில் நுரையீரலுக்குள் போனால்தான் அதிகக் கேடு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் உப்புத் தண்ணி ஊற்றினால் அதுவே மூச்சை அடைக்கும். அதனால் வாயில் எதையும் ஊற்றாதீங்க. வாயைக் கொப்பளிக்க மட்டும் சொல்லலாம். மயங்கி இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108.

எலிப் பசையைப் பற்றித் தனியாகச் சொல்லணும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை உள்ளே போனவர் முதல் ஒன்றிரண்டு நாள் சும்மா நடமாடுவார். "ஒண்ணும் இல்ல, சரியாப் போச்சு" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்லீரல் கெட்டுப்போகும். நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போயாகணும். 2022ல் தமிழ்நாடு அரசு இந்தப் பசைக்குத் தடை அறிவித்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். இந்தப் பொருள்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதால், மனசு உடைஞ்ச ஒரு நிமிஷத்தில் போன உயிர்கள் நம்ம ஊர்களில் உண்டு. அந்த நிமிஷத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழத்தான் ஆசைப்படுவார்கள். வீட்டில் விஷம் இல்லாமல் இருப்பதும், குழுவில் ஒருத்தி முகம் வாடினால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவதும் கூட முதலுதவிதான். மனநல உதவிக்கு 104, 14416 என்ற எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

அடுப்படி கற்றுத் தந்தது

பம்ப் அடுப்பும் மண்ணெண்ணெயும் நைலான் சேலையும் சேர்ந்து எத்தனை பெண்களை எரித்தன என்பது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவின் சுவருக்குத் தெரியும். அரசின் இலவச கேஸ் அடுப்பு, 2016ல் உஜ்வாலா என்று வந்தபின் மண்ணெண்ணெய் குறைந்தது. ஆனால் கேஸுக்கு அதன் சொந்த ஆபத்து உண்டு. அது காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். கசிவு தெரிவதற்காகத்தான் அந்த நாற்றத்தையே சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906க்குப் போன் பண்ணுங்க.

தீக்காயத்துக்கு இன்றைய மருத்துவம் சொல்வது குழாய்த் தண்ணி. 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டணும். ஐஸ் வேண்டாம், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிடணும். ஒட்டின துணியைப் பிய்க்காமல், சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

காய்கறி நறுக்கும்போது கை வெட்டிக்கிறது உலகம் முழுக்கப் பெண்களுக்கு உண்டு. இன்று ஐந்து வயசுப் பிள்ளையும் கேட்கிற பேண்டெய்டு பிறந்ததே அப்படித்தான். 1920ல் அமெரிக்காவில் எர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி கையைக் காயப்படுத்திக்கொண்ட தன் மனைவிக்காக, ஒட்டும் பட்டையில் துணி வைத்துச் செய்தது அது. நம்ம வீட்டில் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடிச்சாலே ரத்தம் பெரும்பாலும் நிற்கும். மஞ்சள், காப்பித்தூள் போட்டால் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதாகும். நாய்க்கடிக்குச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய நாள் முதல் நம்ம மாநிலத்திலேயே இந்த மருந்துக்கு வழி இருக்கு. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிக் காலம் போயாச்சு, இப்போது கையில்தான் போடுறாங்க, பயப்பட ஒன்றும் இல்லை.

முதலில் கை கொடுத்தவர்கள்

முதலுதவி என்பது பெரிய படிப்பு படிச்சவர்கள் தொடங்கினது இல்லை. 1859ல் இத்தாலியில் சோல்பெரினோ என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. காயம்பட்டு ஆயிரக்கணக்கில் கிடந்தவர்களை, பக்கத்து ஊரான காஸ்டிக்லியோனேயின் பெண்கள்தான் தண்ணீர் கொடுத்து, துணி கிழித்துக் கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நம்ம நாட்டுக்காரனா, எதிரி நாட்டுக்காரனா என்று பார்க்கவில்லை. அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ஹென்றி டுனான்ட், பிறகு செஞ்சிலுவை இயக்கம் பிறக்கக் காரணமானார். 1901ல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1877ல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம், சாதாரணத் தொழிலாளிகளுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. 1920ல் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் வந்தது.

நம்ம கிராமத்தில் அப்போதும் கட்டிலும் மாட்டு வண்டியும்தான். பிறகு டவுன் பஸ், வாடகைக் கார். 2005ல் ஆந்திராவில் தொடங்கின 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலையணும் என்கிற பயமும் இனி வேண்டாம். உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்ந்தது. 2021 டிசம்பரில் தொடங்கின இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது.

நம்ம பங்கு

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பிச்சது. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கினது அந்தக் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில். வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் அந்தத் தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள். சேமிப்புக்காகக் கூடின பெண்கள், முப்பது வருஷத்தில் ஊருக்கு மருந்துப் பை தூக்குகிறவர்களாக வளர்ந்திருக்கோம்.

அதனால் வரும் ஆண்டில் ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடியதாகச் சில வேலைகளை முன்வைக்கிறேன்.

ஊராட்சிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி: சுத்தமான துணி, பஞ்சு, பேண்டேஜ், ஒட்டுப் பட்டை, சோப்பு, கையுறை, கத்தரிக்கோல், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். காலாவதி தேதி பார்க்க ஒரு சகோதரிக்குப் பொறுப்பு.

குழுவுக்கு இரண்டு பேர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்வது.

மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஒரு ஆபத்து பற்றிப் பேசுவது. ஒரு மாதம் தீ, ஒரு மாதம் பூச்சி மருந்து, ஒரு மாதம் பாம்புக்கடி.

எல்லார் வீட்டிலும் மருந்து, ஆசிட், பினாயில் ஆகியவற்றை அதன் சொந்த பாட்டிலில், பிள்ளைக்கு எட்டாத, பூட்டின இடத்தில் வைப்பது. சாணிப்பவுடர், எலிப் பசை வாங்குவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது.

அடுப்படிச் சுவரில் எண்களை எழுதி வைப்பது: ஆம்புலன்ஸ் 108, கேஸ் கசிவு 1906, டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117.

கடன் பேரேட்டில் "ஆஸ்பத்திரிச் செலவு" என்று எழுதும் வரிகள் அடுத்த மலர் வெளிவரும்போது குறைந்திருக்கட்டும். அந்த இடத்தில் கறவை மாடும் தையல் மிஷினும் கூடியிருக்கட்டும். மாடு வந்தால் வாசலுக்கு நல்ல சாணியும் கிடைக்கும்.